டிஸ்க் எழுதும் வேகம்: கடிகாரத்தை எப்போது நிறுத்துவது?

உங்கள் கேள்வி இது. 16 ஜிபி ரேமும் சாட்டா எஸ்எஸ்டியும் உள்ள லினக்ஸ் கணினியில், தரவை நகலெடுக்கும் டிடி கட்டளையை வைத்து எழுதும் வேகத்தை அளந்திருக்கிறீர்கள். 1 ஜிபி எழுதியபோது நொடிக்கு 1.9 ஜிபி என்று காட்டியது. 20 ஜிபி எழுதியபோது 530 எம்பி. யாரோ சொன்னதைக் கேட்டு 'ஓஃப்ளாக்=டிசிங்க்' சேர்த்து, 4 கேபி துண்டுகளாக எழுதியபோது வெறும் 4 எம்பி. மூன்றில் எதை நம்புவது என்று கேட்கிறீர்கள்.

மூன்றுமே ஒழுங்காக அளக்கப்பட்டவைதான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான விடை. எழுதும் வேகத்தை அளக்கும்போது கடிகாரத்தை எப்போது ஓட விடுவது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. எப்போது நிறுத்துவது என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. "எழுதியாயிற்று" என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் சொன்னதும் நிறுத்தலாம், டிஸ்க் சொன்னதும் நிறுத்தலாம், இனி மின்சாரமே போனாலும் தரவு தப்பும் என்ற நிலை வந்தபிறகும் நிறுத்தலாம். நீங்கள் பார்த்த மூன்று எண்களுக்கும் இடையே உள்ள தூரம் பெரும்பாலும் இதுதான்.

முதலில் அந்த 1.9 ஜிபியை எடுத்துக்கொள்வோம். சாட்டா இணைப்பின் வேகம் நொடிக்கு 6 கிகாபிட். அதில் ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாற்றப்பட்டுத்தான் கம்பியில் போகிறது. ஆக, உச்சமே நொடிக்கு 600 எம்பி; நடைமுறையில் 550 பக்கம் நின்றுவிடும். 1.9 ஜிபி என்பது அந்தக் கம்பியால் தாங்கக்கூடியதைப் போல மூன்று மடங்கு. அதாவது அந்தத் தரவில் பெரும்பகுதி நீங்கள் அளந்த அரை நொடிக்குள் டிஸ்க் பக்கமே போகவில்லை. அளவீட்டைத் தொடங்குவதற்கு முன்பே இப்படி ஒரு மேல்வரம்பைக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வரம்பைத் தாண்டி ஒரு எண் வந்தால் டிஸ்க்கைப் பாராட்ட வேண்டியதில்லை, சோதனையைச் சந்தேகிக்க வேண்டும்.

நடந்தது இதுதான். ஒரு நிரல் கோப்பில் எழுதும்போது கெர்னல் அந்தத் தரவை ரேமில் உள்ள பேஜ் கேஷில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, "ஆயிற்று" என்று உடனே திருப்பி அனுப்பிவிடும். இன்னும் டிஸ்க்குக்குப் போகாத அந்தப் பக்கங்களுக்கு டர்ட்டி பேஜ் என்று பெயர். அவற்றை டிஸ்க்குக்குத் தள்ளும் வேலையைக் கெர்னலின் பின்னணி இழைகள் பார்த்துக்கொள்ளும். இயல்பு அமைப்பில் அவை 5 நொடிக்கு ஒரு தடவை விழித்துப் பார்த்து, 30 நொடிக்கு மேல் கிடக்கும் பக்கங்களை எழுதும். டர்ட்டி பேஜ்கள் கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் காத்திருக்காமல் எழுதத் தொடங்கும். 20 சதவீதத்தை நெருங்கினால், எழுதுகிற நிரலையே பிடித்து நிறுத்தி, டிஸ்க்கின் வேகத்துக்கு இழுத்துவந்துவிடும். இந்த இரண்டு வரம்புகளும் டர்ட்டி பேக்ரவுண்ட் ரேஷியோ, டர்ட்டி ரேஷியோ என்ற பெயர்களில், கெர்னல் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் சிஸ்கண்ட்ரோலில் இருக்கின்றன; சில லினக்ஸ் விநியோகங்கள் இவற்றை மாற்றி வைத்திருக்கும்.

உங்கள் கணினியில் 12 ஜிபி அளவுக்கு நினைவகம் மிச்சமிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதம் என்றால் 1.2 ஜிபி. நீங்கள் எழுதிய 1 ஜிபி அந்தக் கோட்டைத் தொடக்கூட இல்லை. ஆகவே 1.9 ஜிபி என்பது டிஸ்க்கின் வேகம் அல்ல, ரேமில் நகலெடுக்கும் வேகம், கூடவே பக்கங்களை ஒதுக்கும் செலவு. பயனற்ற எண் என்று சொல்ல மாட்டேன். கணினியில் நாள் முழுக்க நீங்கள் உணரும் வேகம் பெரும்பாலும் இதுதான். ஒரு கோப்பைச் சேமிக்கும்போது உங்களைக் காக்க வைக்காமல் விடுவது இந்தக் கேஷ்தான்.

20 ஜிபி சோதனையில் கேஷ் நிரம்பி வழிந்தது. தொடக்கத்தில் சில நொடி ரேம் வேகம், அப்புறம் டிஸ்க் வேகம். டிடி இரண்டையும் கலந்து சராசரி போட்டு 530 என்றது. ஆனால் அது முடிந்த கணத்தில் கடைசி 2 ஜிபி அளவு இன்னும் ரேமிலேயே இருந்திருக்கும். 38 நொடியில் டிஸ்க்குக்குப் போனது 18 ஜிபிதான் என்றால் உண்மை வேகம் 475 எம்பி பக்கம். சோதிக்க வேண்டுமா? இன்னொரு டெர்மினலில், நினைவகத்தின் நிலையைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் உள்ள 'டர்ட்டி', 'ரைட்பேக்' என்ற இரண்டு வரிகளை நொடிக்கு ஒரு தடவை பாருங்கள். டிடி முடிந்து ப்ராம்ப்ட் வந்த பிறகும் அந்த எண்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். பெரிய கோப்பைப் பென்டிரைவில் நகலெடுத்து, பட்டை நூறு சதவீதம் காட்டிய பிறகும் "வெளியே எடுக்காதே" என்று சொல்வது இதே கதைதான்.

இதைச் சரிசெய்ய எளிய வழி 'கான்வ்=எஃப்டேட்டாசிங்க்'. எழுத வேண்டியதை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை "எல்லாம் டிஸ்க்கில் இறங்கும் வரை நான் நகர மாட்டேன்" என்று டிடி காத்திருக்கும். அந்தக் காத்திருப்பும் கணக்கில் சேரும். பெரிய கோப்புகளைத் தொடர்ச்சியாக எழுதும் வேகம்தான் உங்களுக்குத் தேவை என்றால் இது போதும். துண்டின் அளவை மட்டும் 1 எம்பி என்று கொடுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் டிடி 512 பைட்டாக எழுதும். அப்போது டிஸ்க்கைவிட, கெர்னலை ஒவ்வொரு தடவையும் கூப்பிடும் சிஸ்டம் காலின் செலவைத்தான் அதிகம் அளப்பீர்கள்.

'ஓஃப்ளாக்=டைரக்ட்' என்பது வேறு. பேஜ் கேஷைச் சுற்றிக்கொண்டு தரவை நேரே டிஸ்க்குக்கு அனுப்பும். நிறையப் பேர் இதைப் பாதுகாப்பான எழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. டிஸ்க்குக்குள்ளேயே ஒரு கேஷ் உண்டு. டைரக்ட் முறையில் தரவு அங்கே போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்ததாகக் கணக்கு. அந்தக் கணத்தில் மின்சாரம் போனால் தரவும் போகலாம். கெர்னலின் கேஷைத் தவிர்ப்பது ஒன்று, டிஸ்க்கின் கேஷைக் காலி செய்யச் சொல்வது இன்னொன்று. இரண்டாவதைச் செய்வது எஃப்சிங்க் குடும்பம்தான்.

இப்போது அந்த 4 எம்பி. டிசிங்க் என்றால் ஒவ்வொரு துண்டை எழுதிய பிறகும், அது நிலையான இடத்துக்குப் போய்விட்டது என்று டிஸ்க் உறுதி சொல்லும் வரை காத்திருப்பது. 4 கேபி துண்டுகளாக 4 எம்பி என்றால் நொடிக்கு ஏறத்தாழ 1000 உறுதிகள். ஒன்றுக்கு 1 மில்லிநொடி. வீட்டுக் கணினிக்கான சாட்டா எஸ்எஸ்டிக்கு இது நம்பக்கூடிய எண்தான். இதை எம்பியில் சொன்னால் அவமானமாகத் தெரிகிறது, மில்லிநொடியில் சொன்னால் பொருள் புரிகிறது. டேட்டாபேஸ் ஒன்று ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது ஒரு மாற்றத்தை நிரந்தரமாக்கும்போதும், செய்வது இதைத்தான். ஒற்றை இணைப்பில், ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கு 1000 கமிட்டுக்கு மேல் உங்கள் டிஸ்க் தராது என்பதுதான் அந்த 4 எம்பியின் செய்தி.

ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் இந்த எண்ணைக் காகிதத்திலேயே கண்டுபிடிக்கலாம். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. ஒரு பதிவுக் கோப்பின் கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்ப எழுதி, ஒவ்வொரு தடவையும் உறுதி கேட்டால், அதே இடம் டிஸ்க்கின் எழுதும் தலைக்கு அடியில் மறுபடி வர ஒரு முழுச் சுற்று ஆகும். ஆகவே நொடிக்கு 120தான் உச்சம். அத்தகைய டிஸ்க்கில் நொடிக்கு 2000 எஃப்சிங்க் வருகிறது என்று யாராவது காட்டினால், நடுவில் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம். பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும், பேட்டரி உள்ள ரெய்டு கார்டாக இருந்தால் அது நியாயமான பொய்: தரவு கார்டின் நினைவகத்தில் பத்திரமாக இருக்கும். கேஷைக் காலி செய்யச் சொல்லும் ஃப்ளஷ் கட்டளையைக் காதில் வாங்காத டிஸ்க்காக இருந்தால் ஆபத்தான பொய். விர்ச்சுவல் மெஷினாக இருந்தால், அதை இயக்கும் க்யூஎம்யுவில் கேஷ் முறையை 'அன்சேஃப்' என்று வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்; அந்த அமைப்பில் உள்ளிருந்து வரும் ஃப்ளஷ் அப்படியே புறக்கணிக்கப்படும்.

சர்வர்களுக்கான எஸ்எஸ்டிகள் இந்தச் சோதனையில் பிரமாதமாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. அவற்றில் சிறு மின்தேக்கிகள் இருக்கும். மின்சாரம் போனாலும் உள் கேஷில் உள்ளதை ஃபிளாஷில் எழுதி முடிக்கும் அளவுக்கு ஆற்றல் அதில் நிற்கும். அதனால் ஃப்ளஷ் வந்ததும் அவை தயங்காமல் "ஆயிற்று" என்று சொல்லிவிடலாம், உண்மையிலேயே ஆயிற்றுதான். தொடர் எழுத்தில் இரண்டு டிஸ்க்கும் ஒரே 500 எம்பி காட்டும்போது, எஃப்சிங்கில் மட்டும் பல மடங்கு இடைவெளி வருவது இதனால்தான். மேக் ஓஎஸ்ஸில் வரும் வியப்பூட்டும் எண்களுக்குக் காரணம் வேறு. அங்கே சாதாரண எஃப்சிங்க் தரவை டிஸ்க் வரை அனுப்புமே தவிர, டிஸ்க்கின் கேஷைக் காலி செய்யச் சொல்லாது. அதற்கு எஃப் ஃபுல்எஃப்சிங்க் என்று தனி அழைப்பு இருக்கிறது. இது தெரியாமல் மேக்கையும் லினக்ஸையும் ஒப்பிட்டால் ஒப்பீடே தவறு.

சரி, டிடி போதுமா? ஒரு அவசரப் பார்வைக்குப் போதும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது: டிடிக்கு வழக்கமாகத் தரவு கொடுக்கும் டெவ் ஜீரோவிலிருந்து வருவது முழுக்கப் பூஜ்யம். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகளில் சுருக்கம் இயக்கத்தில் இருந்தால் அந்தப் பூஜ்யங்கள் ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். எழுதவே எழுதாமல் பல ஜிபி வேகம் காட்டும். சில பழைய எஸ்எஸ்டி கட்டுப்படுத்திகளும் உள்ளே சுருக்கித்தான் எழுதின. உடனே டெவ் யுரேண்டமுக்கு மாறுபவர்கள் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள். சீரற்ற எண்களை உருவாக்க சிபியு உழைக்க வேண்டும். நொடிக்குச் சில நூறு எம்பிதான் வரும். வேகமான என்விஎம்இ டிஸ்க்கை அப்படிச் சோதித்தால் நீங்கள் அளப்பது சிபியுவை. முன்கூட்டியே ஒரு சீரற்ற கோப்பை ரேமில் உருவாக்கி வைத்து அதிலிருந்து எழுதுவது ஒரு வழி. அதற்குப் பதில் ஃபியோ என்ற டிஸ்க் சோதனைக் கருவியைக் கற்றுக்கொள்வது மேல்.

ஃபியோவை எழுதியவர் லினக்ஸில் டிஸ்க்குகளுக்கான கோரிக்கைகளைக் கையாளும் பிளாக் அடுக்கைப் பராமரிக்கும் ஜென்ஸ் ஆக்ஸ்போ. ஆப்ஷன்கள் மலைபோல் இருக்கும். பயப்பட வேண்டாம், ஏழெட்டு தெரிந்தால் போதும். தொடர் எழுத்தா சீரற்ற எழுத்தா, துண்டின் அளவு, கோப்பின் அளவு, டைரக்ட் வேண்டுமா, எத்தனை கோரிக்கைகள் ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கலாம், எவ்வளவு நேரம் ஓட வேண்டும், எத்தனை எழுத்துக்கு ஒரு தடவை சிங்க் செய்ய வேண்டும்.

இதில் நிலுவைக் கோரிக்கை, அதாவது க்யூ டெப்த், விளம்பர எண்களின் ரகசியம். ஒரு 4 கேபி எழுத்துக்கு 50 மைக்ரோநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்றால் நொடிக்கு 20,000 எழுத்து, அதாவது 80 எம்பி. 32 கோரிக்கைகளை ஒன்றாக அனுப்பி, டிஸ்க்கும் இணையாக வேலை செய்து, தாமதமும் கூடாமல் இருந்தால் 6,40,000. பெட்டியில் அச்சடிப்பது இந்த இரண்டாவது வகை எண்ணை. உங்கள் நிரல் ஒரே இழையில் எழுதிவிட்டுக் காத்திருக்கும் ரகம் என்றால் உங்களுக்குக் கிடைக்கப்போவது முதல் எண்தான். இன்னொன்று: ஃபியோவில் க்யூ டெப்த்தை 32 என்று கொடுத்துவிட்டு கோரிக்கைகளை அனுப்பும் முறையான ஐஓ எஞ்சினை மாற்றாமல் விட்டால் பயனில்லை. லினக்ஸில் அதன் இயல்பு எஞ்சின் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுதும். லிப்ஏஐஓ அல்லது ஐஓ யூரிங் என்று சொல்ல வேண்டும். லிப்ஏஐஓ என்றால் டைரக்ட்டும் சேர்த்து. இல்லாவிட்டால் அதுவும் ஒத்திசைவு எழுத்தாக மாறிவிடும், எச்சரிக்கைகூட வராது.

அடுத்து, எவ்வளவு நேரம் ஓட்டுவது. பத்து நொடி சோதனையை நான் நம்புவதே இல்லை. இன்றைய டிஎல்சி, க்யூஎல்சி எஸ்எஸ்டிகள் ஒரு செல்லில் மூன்று அல்லது நான்கு பிட் வைப்பவை. அப்படி எழுதுவது மெதுவான வேலை. அதை மறைக்க, ஒரு பகுதியை மட்டும் செல்லுக்கு ஒரு பிட் என்ற முறையில் வேகமாக எழுதிவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது சுருக்கி அடுக்கும். இதைத்தான் எஸ்எல்சி கேஷ் என்கிறார்கள். அது நிரம்பும் வரை ராஜநடை. நிரம்பியதும் வேகம் பாதாளத்துக்கு இறங்கும். பல டிஸ்க்குகளில் இந்தக் கேஷின் அளவு, காலி இடம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே புதிதாக வாங்கிய காலி டிஸ்க்கில் பார்த்த எண் முக்கால்வாசி நிறைந்த பிறகு வராது. சேமிப்புத் துறையின் எஸ்என்ஐஏ அமைப்பு வகுத்த எஸ்எஸ்டி சோதனை முறை இதற்காகவே கடுமையாக இருக்கிறது. முதலில் டிஸ்க்கை முழுக்கத் துடைக்க வேண்டும். பிறகு அதன் மொத்தக் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு எழுதிப் பழக்க வேண்டும். அதன்பின் சோதனையைச் சுற்றுச் சுற்றாக ஓட்டி, தொடர்ந்து 5 சுற்றுகள் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் நின்றால்தான் அந்த எண் செல்லும். வீட்டில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். டிஸ்க்கின் எழுத்து ஆயுளைத் தின்னும் வேலை. ஆனால் நொடிக்கு நொடி வேகத்தை எழுதி வைத்து ஒரு கோட்டுப்படம் போட்டுப் பாருங்கள். எங்கே சரிகிறது என்று கண்ணாலேயே தெரியும். அந்தச் சரிவுதான் ஒற்றைச் சராசரியைவிட அதிகம் சொல்லும். என்விஎம்இ என்றால் சூடேறி வேகம் குறைவதும் இதே படத்தில் தெரியும்.

கிளவுடிலும் இப்படி ஒரு சரிவு உண்டு, அது விதியால் வருவது. உதாரணத்துக்கு அமேசானின் ஜிபி2 வகை வால்யூமில் 1 ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ், அதாவது நொடிக்கு 3 எழுத்து அல்லது வாசிப்பு, என்று கணக்கு. 100 ஜிபி வால்யூமுக்கு 300. ஆனால் சேமித்து வைத்த கிரெடிட் இருக்கும் வரை 3000 வரை ஓட விடும். அது அரை மணி நேரம் தாங்கும். ஐந்து நிமிடம் சோதித்தவர் 3000 என்று எழுதிக்கொண்டு போவார்.

கோப்பின் நிலையும் எண்ணை மாற்றும். புதுக் கோப்பை நீட்டிக்கொண்டே எழுதினால் ஒவ்வொரு சிங்க்கிலும் கோப்பின் அளவு, இட ஒதுக்கீடு ஆகிய விவரங்களும் கோப்பு முறையின் மாற்றப் பதிவேடான ஜர்னலில் ஏற வேண்டும். ஏற்கெனவே எழுதி முடித்த கோப்பின் மேல் மறுபடி எழுதினால் அந்தச் சுமை பெருமளவு குறையும். ஒரே ஃபியோ கட்டளையை இரண்டு தடவை ஓட்டும்போது இரண்டாவது தடவை வேகமாக வருவதற்கு இது ஒரு காரணம். "கேஷ் சூடாகிவிட்டது" என்று சிலர் சொல்லிவிட்டு, கேஷை விடுவிக்கச் சொல்லும் டிராப் கேஷஸ் கோப்பில் 3 எழுதிவிட்டு மறுபடி ஓட்டுகிறார்கள். அது சுத்தமான கேஷை மட்டும்தான் விடுவிக்கும், டர்ட்டி பேஜ்களைத் தொடாது. வாசிப்புச் சோதனைக்கு உரிய மந்திரம் அது. ஹெச்டிபார்ம் கருவியின் '-டி' சோதனையும் வாசிப்பை மட்டுமே அளக்கிறது. அதை எழுதும் வேகம் என்று சொல்லி வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நானும் ஒன்றும் குறைந்தவனில்லை. ஒருமுறை புதிய சர்வரின் எழுத்து வேகத்தை அளந்து, பெருமையாக அறிக்கை எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, சோதனைக் கோப்பு இருந்த டெம்ப் கோப்புறையே டெம்ப்எஃப்எஸ், முழுக்க ரேம். இப்போதெல்லாம் பல விநியோகங்களில் அதுதான் இயல்பு அமைப்பு. அன்றிலிருந்து எந்தச் சோதனைக்கு முன்பும், கோப்பு உண்மையில் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று டிஎஃப் கட்டளை போட்டுப் பார்க்காமல் தொடங்குவதில்லை. சோதனை ஓடும்போது பக்கத்திலேயே டிஸ்க் போக்குவரத்தைக் காட்டும் ஐயோஸ்டாட்டையும் விரிவான முறையில் ஓட விடுவேன். பெயரிலேயே ஐயோ இருந்தாலும் நல்ல கருவி. சோதனை நிரல் சொல்லும் வேகமும் டிஸ்க்குக்கு உண்மையில் போகும் வேகமும் ஒத்துப்போகின்றனவா என்று அதில் தெரிந்துவிடும். அதில் வரும் 'யுடில்' சதவீதத்தை மட்டும் எஸ்எஸ்டி விஷயத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 100 என்று காட்டினால் டிஸ்க் எப்போதும் ஏதோ ஒரு வேலையில் இருந்தது என்று அர்த்தமே தவிர, அதன் திறன் தீர்ந்துவிட்டது என்று அல்ல.

விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்டின் டிஸ்க்ஸ்பிடி என்ற சோதனைக் கருவி இருக்கிறது. பலரும் பயன்படுத்தும் கிறிஸ்டல் டிஸ்க்மார்க்கின் உள்ளே ஓடுவதும் அதுதான். மென்பொருள் கேஷையும் டிஸ்க் கேஷையும் தனித்தனியாக அணைக்க அதில் வழி உண்டு. மேலே சொன்ன அடிப்படைகள் அங்கும் பொருந்தும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கணினியை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று சொல்லவில்லை. வீடியோ போன்ற பெரிய கோப்புகளுக்கு என்றால்: ஃபியோவில் தொடர் எழுத்து, 1 எம்பி துண்டு, ரேமைப் போல் இரண்டு மூன்று மடங்கு கோப்பு, கடைசியில் ஒரு எஃப்சிங்க், நொடிவாரிப் பதிவுடன். டேட்டாபேஸுக்கு என்றால்: 4 அல்லது 8 கேபி துண்டு, ஒரே இழை, க்யூ டெப்த் ஒன்று, ஒவ்வொரு எழுத்துக்கும் எஃப்டேட்டாசிங்க், குறைந்தது ஐந்து நிமிடம். இதில் சராசரியைப் பார்க்காதீர்கள். சிங்க்கின் தாமதத்தை ஃபியோ தனியாகச் சதமான வரிசையில், அதாவது நூற்றுக்கு எத்தனை எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்று காட்டும், 99, 99.9 என்ற வரிகளுக்குப் போங்கள். சராசரி 1 மில்லிநொடி இருக்கும்போதே ஆயிரத்தில் ஒன்று 200 மில்லிநொடி எடுத்தால், பயனர் புகார் சொல்வது அந்த ஒன்றைப் பற்றித்தான். எட்சிடி என்ற டேட்டாபேஸின் ஆவணங்கள் 99ஆவது சதமானம் 10 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. அதை ஒரு தொடக்க அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் அதனுடன் வரும் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற சிறு கருவியே சிங்க் முறைகளை ஒப்பிட்டுக் காட்டிவிடும்.

ஒவ்வொரு சோதனையையும் மூன்று தடவையாவது ஓட்டி, மூன்று எண்களையும் எழுதி வையுங்கள். சிறந்ததை மட்டும் அல்ல. ஃபியோவுக்குக் கொடுக்கும் பெயர் கோப்பா அல்லது எஸ்டிஏ போன்ற டிஸ்க்கின் பெயரா என்று என்டர் தட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். டிஸ்க்கின் பெயரைக் கொடுத்தால் அதிலுள்ள எல்லாவற்றின் மேலும் எழுதிவிடும், நின்று கேட்காது. முடிந்ததும் சோதனைக் கோப்பை அழித்து, எந்த இடங்கள் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் எஃப்ஸ்ட்ரிம் கட்டளையை ஒரு தடவை ஓட்டி, அடுத்த சுற்றுக்கு முன் டிஸ்க்கைப் பத்து நிமிடம் சும்மா விட்டுவிடுங்கள்.